அம்மிணி, கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதே

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள அம்மிணிக்கு,

போனில் நீ பாதி அழுகையோடு சொன்னதில் எனக்குப் பாதிதான் விளங்கியது. நீ அனுப்பிய படங்களைப் பெரிசு பண்ணிப் பார்த்ததும் மீதியும் விளங்கிவிட்டது. இதையெல்லாம் போனில் சொன்னால் பாதி கேட்பதற்குள் எதையாவது பிடுங்க ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை மெஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகச் செய். புதிதாகப் போட்ட கிராபிக்ஸ் கார்டை விற்றவரிடமே திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றாயே, அதை மட்டும் இப்போது செய்யாதே. படங்களைப் பார்த்தவரை கார்டின் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அதைச் சுற்றி இருக்கிறவைதான் சரியில்லை.

உனக்கு இரண்டு தொந்தரவு. ரெண்டர் போட்டால், அதாவது செய்த காட்சியைப் படமாக்கச் சொன்னால், சுவிட்சை அணைத்த மாதிரி மெஷின் பொட்டென்று போய்விடுகிறது; இது முதல் தொந்தரவு. அந்தக் கோபத்தில் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினாய். இப்போது டிஸ்ப்ளேயே வரவில்லை, இது இரண்டாவது. இரண்டையும் ஒரே நோய் என்று நினைத்துக் குழம்பாதே. பின்னால் வந்ததை முதலில் பார்ப்போம், அது சுலபம்.

கேபினெட்டின் பின்பக்கப் படத்தைப் பார். மேலே யுஎஸ்பி, நெட் கேபிள் எல்லாம் இருக்கும் இடத்தில் எச்டிஎம்ஐயைச் சொருகியிருக்கிறாய். அது மதர்போர்டின் போர்ட். நீ வாங்கியிருப்பது ஐ5 12400எஃப். அந்த எஃப் ரகப் பிராசஸருக்குள் கிராபிக்ஸ் கிடையாது, அதனால்தான் விலையும் கொஞ்சம் குறைவு. ஆகவே அந்த மேல் போர்ட்டிலிருந்து ஒரு காலத்திலும் படம் வராது. கேபிளைக் கீழே, படுக்கைவாட்டில் இருக்கிற கார்டின் போர்ட்டில் சொருகு.

அதிலும் வரவில்லை என்றால் மதர்போர்டின் ஓரத்தைப் பார். சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு பொட்டு விளக்கு உன் போர்டில் இருக்கிறது. ஆன் பண்ணியதும் அவை ஒவ்வொன்றாக எரிந்து அணைய வேண்டும். விஜிஏ விளக்கு அணையாமல் நின்றால் போர்டுக்குக் கார்டு தென்படவில்லை என்று பொருள். அணைந்துவிட்டும் திரை கறுப்பாகவே இருந்தால் கேபிளையும், மானிட்டரில் எந்த இன்புட் தேர்வாகியிருக்கிறது என்பதையும் பார்.

விஜிஏ விளக்கு நின்றால், மெயின் சுவிட்சை அணைத்து, ஒயரையும் பிடுங்கிவிட்டு, கார்டைக் கழற்று. ஸ்லாட்டின் கடைசியில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும், அதை அழுத்தி விடுவித்த பிறகுதான் கார்டைத் தூக்க வேண்டும். பிராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் மேல் ஸ்லாட்டிலேயே திரும்ப மாட்டு. கீழ் ஸ்லாட்டும் பார்க்க அதே நீளம்தான், ஆனால் பல போர்டுகளில் உள்ளே நாலு லேன்தான், அதாவது டேட்டா போகும் பாதைதான், ஓடும். கொக்கி 'டக்' என்று விழும் சத்தம் கேட்க வேண்டும். உன் படத்தில் கார்டின் வால் பக்கம் லேசாகத் தொங்குகிற மாதிரி எனக்குப் படுகிறது. பின்னால் இருக்கும் இரண்டு ஸ்குருவையும் முடுக்கு; ஒன்று போதும் என்று விட்டுவிடாதே.

கார்டுக்குத் தனியாகக் கரன்ட் போகும் ஒயர் இருக்கிறதல்லவா, ஆறும் இரண்டுமாகப் பிரிந்த முனை, அந்த இரண்டு பின்னையும் ஆறோடு சேர்த்துப் பிடித்து எட்டாக உள்ளே தள்ளு. நாலும் நாலுமாகப் பிரிவது பிராசஸருக்கானது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் வார்ப்பு வேறு, கரன்ட் வரும் பின்னும் வேறு. நுழையவில்லை என்றால் பலம் காட்டாதே.

இதோடு டிஸ்ப்ளே வந்துவிடும் என்று நினைக்கிறேன். வந்த சந்தோஷத்தில் உடனே ரெண்டர் போடாதே.

இனி முதல் தொந்தரவு. மெஷினுக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டி, அந்த எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பினாயே, நல்ல காரியம். அதில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். அதைப் பார்க்காதே. கீழே பொடி எழுத்தில் கட்டம் போட்டு, 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் என்று இருக்கிறது. பெருக்கிப் பார், 216 வாட். இன்றைய மெஷினில் பிராசஸரும் கார்டும் தின்பது முழுக்க இந்த 12 வோல்ட்டைத்தான். உன் ஆர்டிஎக்ஸ் 3060 முழு வேகத்தில் 170 வாட் கேட்கும். 12400எஃப் சாதாரணமாக 65, முடுக்கிவிட்டால் 117 வரை போகும். இரண்டும் சேர்ந்தாலே 287. ஃபேன், டிஸ்க், ரேம் எல்லாம் கணக்கிலேயே வரவில்லை. கார்டு நொடிக்கும் குறைவான நேரத்துக்குச் சொன்ன அளவைத் தாண்டி இழுப்பதும் உண்டு. நெட் பார்க்கும்போதும் படம் வரையும்போதும் ஒன்றும் ஆகாமல், ரெண்டரில் மட்டும் ஏன் அணைகிறது என்று கேட்டாயே, இதுதான். நம் தோட்டத்து போர் மோட்டாருக்கு ஒல்லி ஒயர் இழுத்துவிட்டு மோட்டார் கம்பெனியைத் திட்டுகிற கதை.

ஸ்லாட் வழியாகக் கார்டுக்கு 75 வாட்டுக்கு மேல் கிடைக்காது. அந்த எட்டு பின் ஒயர் 150 வரை தரும். கார்டு கேட்பதற்கு வழி தாராளமாகவே இருக்கிறது. அனுப்புகிற இடத்தில்தான் சரக்கு இல்லை. கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் அது. கண்ணாடிக்கும் கலர் விளக்குக்கும் கொடுத்த காசை இதில் போட்டிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. சரி, அது போகட்டும்.

3060க்கு என்விடியா சொல்வது குறைந்தது 550 வாட். நீ 650 வாங்கு. ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தைப் பார்த்து, பெருக்கினால் மொத்த வாட்டுக்குக் கிட்டத்தட்ட வருகிறதா என்று கடையிலேயே கணக்குப் போடு. 80 பிளஸ் பிரான்ஸ் என்று போட்டிருப்பது கரன்ட் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று. உள்ளே போட்ட சாமான் நல்லதா என்று அது சொல்லாது. அதற்கு வாரண்டி எத்தனை வருஷம் என்று கேள். ஐந்து வருஷமும் அதற்கு மேலும் தருகிறவன் கொஞ்சம் யோசித்துத்தான் தருவான். இன்னொன்று: ஒயர்களைக் கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் வாங்கினால் அதன் பெட்டியில் வரும் ஒயர்களை மட்டும் போடு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொதுவான ஒழுங்கு கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேறொன்றின் ஒயரை மாட்டினால் ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்துக்குப் பன்னிரண்டு போய் டிஸ்க் செத்துவிடும்.

உன் யுபிஎஸ் 600 விஏ. அது தாங்குவது சுமார் 360 வாட்டுதான். மானிட்டரையும் சேர்த்து அதில் போட்டுவிட்டு, கரன்ட் போகும் நேரம் பார்த்து ரெண்டரும் ஓடினால் அது கீச்சென்று கத்தி விழுந்துவிடும். இப்போதைக்கு ரெண்டர் நேரத்தில் மெஷினை நேராகச் சுவர் பிளக்கில் போடு. கையில் பணம் சேர்ந்ததும் பெரிசாக ஒன்று, சைன் வேவ் தருவதாகப் பார்த்து வாங்கலாம். நல்ல எஸ்எம்பிஎஸ் சில, மலிவு யுபிஎஸ்ஸின் கட்டம் கட்டமான கரன்டுக்கு முரண்டு பிடிக்கும்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று போகிற போக்கில் சொன்னாயே, எனக்கு எல்லாவற்றையும் விடக் கவலை அதுதான். உரசலில் சேரும் ஸ்டாட்டிக் கரன்ட் என்று உன் ரூம்மேட் சொன்னாளாம். இங்கே சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். மார்கழி தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற கிழக்குக் காற்று உதட்டையே வெடிக்க வைக்கும். அப்போது நான் கேபினெட்டின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் ரேமில் கை வைப்பேன். கொச்சியில் சட்டையே காய மாட்டேன் என்கிறது, அங்கே ஸ்டாட்டிக் எங்கிருந்து வரும்? அதுவும் ஒரே தடவை 'பட்' என்று அடித்து அடங்கினால்தான் ஸ்டாட்டிக். தடவத் தடவ விறுவிறுவென்று இருந்தால் எர்த் இல்லை. மூன்று துளை பிளக் சுவரில் இருக்கும், பின்னால் எர்த் ஒயர் வந்திருக்காது. எர்த் இல்லாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் வழியாக, வருகிற 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேபினெட்டின் உடம்பில் நிற்கும். கரன்ட் கொஞ்சம்தான், ஆனால் மெஷின் ஓடும்போதே எச்டிஎம்ஐயைப் பிடுங்கிச் சொருகினால் கார்டின் போர்ட்டுக்கு ஆபத்து. வீட்டுக்காரரிடம் சொல்லி எலக்ட்ரீஷியனை வரவழைத்து டெஸ்ட் பண்ணச் சொல். அவர் இழுத்தடித்தால் அப்பா பேசுவார், அப்பாவின் மலையாளம் அந்த மாதிரி நேரத்தில் நன்றாகவே வேலை செய்யும். அதுவரை மெஷினின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகு மட்டும் மானிட்டர் ஒயரைத் தொடு.

கரன்ட் ஒழுங்கானதும் டிரைவர், கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் புரோகிராம். உன் பழைய மெஷினின் எஸ்எஸ்டியையே இதில் போட்டிருக்கிறாய், அதில் ஏஎம்டியின் ரேடியான் கார்டின் டிரைவர் இன்னும் உட்கார்ந்திருக்கும். கடைக்குப் போனால் ஃபார்மேட் அடிக்கலாம் என்பார்கள். காய்ச்சலுக்கும் ஃபார்மேட், தலைவலிக்கும் ஃபார்மேட். அவசியமில்லை. புது டிரைவரை என்விடியா தளத்திலிருந்து முதலில் இறக்கி வை. நான் வீடியோ மிக்ஸிங்குக்குப் போடுவது ஸ்டுடியோ டிரைவர், உனக்கும் அதுவே போதும். டிடியு என்று ஒரு இலவச புரோகிராம் உண்டு, அதையும் இறக்கிக்கொள். நெட்டைத் துண்டித்துவிட்டு, சேஃப் மோடில் போய், டிடியுவால் பழைய ஏஎம்டி டிரைவரையும் அரைகுறையாக ஏறிய என்விடியா டிரைவரையும் துடைத்துவிட்டு, ரீஸ்டார்ட் செய்து புதியதைப் போடு. நெட்டை ஏன் துண்டிக்கச் சொல்கிறேன் என்றால், இல்லாவிட்டால் நடுவிலேயே விண்டோஸ் தன் இஷ்டத்துக்கு ஒரு டிரைவரை ஏற்றிவிடும்.

பயாஸில், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரையில், ரீசைசபிள் பார் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் கார்டு பறக்கும் என்று உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேம் ஆடுகிறவர்களுக்குச் சில விளையாட்டில் பலன் உண்டு. உன் வேலைக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது. அதைப் போட, பழைய முறையில் மெஷினைக் கிளப்ப உதவும் சிஎஸ்எம்மை அணைக்க வேண்டும், பழைய எஸ்எஸ்டியில் விண்டோஸ் பழைய முறையில் ஏறியிருந்தால் அப்புறம் மெஷின் கிளம்பவே கிளம்பாது. தொடாதே.

செகண்ட் ஹேண்ட் கார்டு என்பதால் மைனிங்கில், டிஜிட்டல் காசு உண்டாக்கும் அந்த வேலையில், ஓடியிருக்குமோ என்று பயப்படுகிறாய். ஓடியிருக்கலாம். 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற டிஜிட்டல் காசு தன் முறையை மாற்றிக்கொண்டதும் அந்த வேலையில் இருந்த கார்டுகள் எல்லாம் சந்தைக்கு வந்தன. அதற்காகவே ஒரு கார்டைக் கெட்டது என்று தள்ள மாட்டேன். ஃபேனும் உள்ளே பூசிய பேஸ்ட்டும்தான் தேய்ந்திருக்கும், இரண்டையும் மாற்றலாம். எனக்குப் பயம் போலிக் கார்டுதான். ஜிபியு-இசட் என்ற புரோகிராமை ஓட்டிப் பார், 3060 என்றும், விற்றவர் சொன்ன அதே மெமரி அளவையும் காட்ட வேண்டும். போலி என்றால் பெரும்பாலும் அதுவே பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று போட்டுக் காட்டிவிடும். சும்மா இருக்கும்போது கார்டின் ஃபேன் சுற்றவில்லையே என்று பதறாதே, சூடு ஏறும்வரை நிற்கும்படி பல கார்டுகளைச் செய்திருக்கிறார்கள். ரெண்டரில் 70, 75 டிகிரி சகஜம். 85ஐத் தாண்டினால் கேபினெட்டின் முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார். இங்கே ஏப்ரலில் வெயில் 40 தொடும்போது என் மெஷினுக்கு முன்மூடியே கிடையாது, தெரியுமல்லவா.

கடைசியில், நீ ரெண்டர் போடும் பிளெண்டர் புரோகிராம். கார்டு சரியாக இருந்தும் ரெண்டர் ஆமை வேகம் என்று ஒரு நாள் நீ கட்டாயம் போன் பண்ணுவாய். பிரிஃபரன்சஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் சைக்கிள்ஸ் ரெண்டருக்கு ஆப்டிக்ஸ் தேர்வு செய்து கார்டின் பெயருக்கு டிக் போடு. அது மட்டும் போதாது. ஒவ்வொரு ஃபைலிலும் ரெண்டர் அமைப்பில் டிவைஸ் என்ற இடத்தில் ஜிபியு கம்ப்யூட் என்று மாற்றினால்தான் கார்டு கையை நீட்டும். இல்லையென்றால் 170 வாட் கார்டு சும்மா உட்கார்ந்திருக்க, பிராசஸர் தனியாக மாவாட்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை நோட்டில் எழுது. ஸ்டிக்கர் படத்தைப் பார்த்ததுமே உன் அக்கவுண்டில் பணம் போட்டுவிட்டேன். அது எஸ்எம்பிஎஸ்ஸுக்கு. பில்லின் படத்தை எனக்கு அனுப்பு. இன்னொரு கலர் விளக்கு வாங்கினாய் என்று தெரிந்தால் ஓணத்துக்கு வரும்போது உன்னை உட்கார வைத்து இரண்டு கல்யாண ஆல்பம் முழுக்கக் கலர் கரெக்‌ஷன் செய்ய வைப்பேன்.

அன்புடன்,
அம்மா