மொட்டை மாடியில் விழுந்த பனிக்கட்டி

துவாரகா, புது டெல்லி

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். மூட்டு வலிக்கு நடைதான் மருந்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் அல்லவா, விடாமல் நட. கமலாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மற்ற சமாச்சாரமெல்லாம் அப்புறம். இங்கே நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. இந்தக் குளிரில் அந்த நேரத்துக்கு எல்லோரும் மாடியில் வெயில் காய்வோம். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். இன்னொரு பாத்திரம் எடுத்துவர உள்ளே போனார். படீரென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் கட்டிலின் சட்டம் முறிந்து கிடக்கிறது. மாடி முழுக்கப் பட்டாணி, நடுவே பனிக்கட்டித் துண்டுகள். அவர் ஒரு நிமிடம் கழித்து எழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அவருடைய மகன் 'ஓலா' என்றார். ஆலங்கட்டிக்கு இங்கே அதுதான் பெயர். நாம் ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூட மைதானத்தில் ஆலங்கட்டி பொறுக்கினோமே, இலுப்பைப் பூ மாதிரி சின்னச் சின்னதாக. ஆலங்கட்டி பெரிதாகவும் விழும்தான். 1888 ஏப்ரல் 30 அன்று மொராதாபாத் பக்கம் பெய்ததில் 246 பேர் இறந்தார்கள். 2010-இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் 8 அங்குல அகலத்தில் ஒன்று விழுந்தது. ஆனால் அதற்கெல்லாம் இடிமேகம் வேண்டும். அன்றைக்கு அது எங்கே இருந்தது?

நாங்கள் இருப்பது விமானம் இறங்கும் பாதைக்குக் கீழே. விமானத்தின் கழிவறைத் தொட்டியைத் தரையில்தான் காலி செய்கிறார்கள். ஆனால் வால்வு கசிந்தால், மேலே மைனஸ் 50 டிகிரிக் குளிரில் அந்தக் கசிவு வெளிப்புறத்தில் உறைந்து கட்டியாக வளரும். இறங்கும்போது காற்றின் சூடு பட்டுப் பிடி தளர்ந்து விழுந்துவிடும். 2018 ஜனவரியில் குருகிராம் பக்கம் ஃபாசில்பூர் பாட்லி கிராமத்து வயலில் விழுந்ததும் இந்த வகைதான். பாவம், அந்த ஜனங்கள் வானத்துப் பொருள் என்று நம்பித் துண்டுகளை எடுத்துப்போய் ஃபிரிட்ஜில் வைத்திருந்தார்கள். விமானக் கழிவு வீட்டின்மேல் விழுகிறது என்று டெல்லிக்காரர் ஒருவர் போட்ட மனுவில், 2016-இலேயே பசுமைத் தீர்ப்பாயம் (சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான நீதிமன்றம்) அப்படிக் கொட்டும் விமான நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு போட்டது.

கழிவறைத் தண்ணீர் என்றால் தொட்டியில் ஊற்றும் மருந்தின் நீலம் தெரியும். எங்கள் மாடியில் விழுந்ததில் நீலமும் இல்லை, நாற்றமும் இல்லை. பெரிய துண்டைச் சமையலறைத் தராசில் வைத்தேன், 640 கிராம். ஒரு பக்கம் கரடுமுரடாக உடைந்திருந்தது. மறுபக்கம் இட்லித் தட்டில் ஒட்டி எடுத்த மாதிரி வழவழவென்று வளைந்திருந்தது. எதிலோ ஒட்டியிருந்து பெயர்ந்ததுதான் என்று எனக்குப் படுகிறது. விமானத்தின் குடிதண்ணீர்க் குழாய்க் கசிவாக இருக்கலாம்.

ஆனாலும் அப்படியே முடிவு கட்ட எனக்கு இஷ்டமில்லை. 2000 ஜனவரியில் ஸ்பெயினில் பத்து நாளுக்குள் பல ஊர்களில், தெளிந்த வானத்திலிருந்து, கிலோக்கணக்கில் பனிக்கட்டிகள் விழுந்தன. ஹெசூஸ் மார்ட்டினெஸ் ஃப்ரியாஸ் என்ற புவியியலாளர் அவற்றைச் சேகரித்து, நீரில் உள்ள ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின் விகிதத்தை, அளக்கவைத்தார். வளிமண்டல நீரோடு அது ஒத்துப்போனது. மெகாகிரையோமீட்டியார் என்று பெயரும் வைத்தார். மேகமே இல்லாமல் அவ்வளவு பெரிய கட்டி எப்படி உருவாகும் என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இங்கே எல்லோரும் துண்டுகளைச் சாக்கடையில் தள்ளத்தான் பார்த்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு வீட்டின்மேல் இது விழுந்தது என்பதற்கு வேறு சாட்சி ஏது? இடுக்கியால் எடுத்து, ஜிப் கவரில் போட்டு ஃபிரீசரில் வைத்திருக்கிறேன். கமலா மீன் டப்பாவை வெளியே எடுத்து இடம் கொடுத்தாள். உருகினாலும் கெடுதல் இல்லை, ஆவியாகாமல் இருந்தால் போதும். ஐசோடோப்புக் கணக்கு மாறாது.

அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உன் பழைய மாணவன் ஒருவன் இருப்பதாகச் சொன்னாயே, அவனிடம் கேட்டுச் சொல்கிறாயா? நம் துவாரகாக் குழாய்த் தண்ணீரும் ஒரு பாட்டில் கழுத்துவரை நிரப்பி மூடி வைத்திருக்கிறேன். ஒப்பிட உதவும். எந்த மாதிரி பாட்டிலில் அனுப்பவேண்டும் என்பதையும் கேள்.

அன்புடன்,
ராமு