அடிக்கச் சொன்னவரும் குற்றவாளிதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் அவர்கள் மோதிக்கொண்ட செய்தியை ‘இரு தரப்பினரிடையே கைகலப்பு’ என்று முடித்திருந்தீர்கள், ஏதோ சித்திரைத் திருவிழாவில் இடம் பிடிக்க நடந்த தள்ளுமுள்ளு போல. அங்கே இரு தரப்பெல்லாம் கிடையாது. ஒருவன் அடிப்பான், மற்றவன் வாங்கிக்கொள்வான்.

தென் மாவட்டத்து இல்லம் ஒன்றில் சனிக்கிழமைகளில் பையன்களுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுத்து வந்தவன் நான். உள்ளே நடக்கும் ஆட்சி புரிவதற்கு அதிக நாள் ஆகவில்லை. பதினேழு வயதுக்காரன் ஒருவன்தான் ‘லீடர்’. மின்விசிறிக்கு நேர் கீழே அவன் பாய். புதிதாக வந்தவனுக்குக் கழிப்பறை வாசலோரம். உசிலம்பட்டியிலிருந்தோ பேரையூரிலிருந்தோ பஸ் ஏறி, மனுப் போட்டு மகனைப் பார்க்க வரும் தாய் முறுக்கும் சோப்பும் கொடுத்துவிட்டுப் போவார். அடுத்த நிமிடமே முறுக்குப் பொட்டலம் லீடரின் கைக்குப் போய்விடும். சோப்பு மட்டும் பையனிடமே இருக்கும். லீடரின் சட்டையை அவன்தானே துவைக்க வேண்டும்! ஒருமுறை ஒரு பையன் இடது கையால் எழுதத் திணறிக்கொண்டிருந்தான். வலது கை விரல்கள் வீங்கியிருந்தன. கேட்டதற்கு, “குழாயடியில் வழுக்கி விழுந்துவிட்டேன், ஐயா” என்றான். மற்ற பையன்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், லீடரைத் தவிர.

அவனை லீடர் ஆக்கியது யார்? இரவுப் பணிக்கு இருந்தது ஒரே ஒரு ஊழியர். தலை எண்ணுவது, சாப்பாட்டு வரிசை, விளக்கணைத்த பிறகு சத்தம் வராமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அந்தப் பையன் பொறுப்பு. கூடுதல் சோறும், அவன் செய்வதைக் கண்டுகொள்ளாமல் விடுவதும்தான் கூலி. தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன் என்பார்கள். இங்கே தம்பிக்கு அந்தப் பதவியைக் கொடுத்ததே தட்டிக் கேட்க வேண்டியவர்கள்தாம்.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இதற்கெல்லாம் இடம் தரவில்லை. தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தானே அடிப்பதோடு, பிறரைக் கொண்டு அடிக்கச் செய்வதும் 75-ஆம் பிரிவின்படி குற்றம். இல்ல ஊழியர் என்றால் ஐந்தாண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். வயது, உடல்நிலை, மனநிலை, செய்த குற்றத்தின் தன்மை இவற்றைப் பார்த்துச் சிறுவர்களைப் பிரித்து வைக்க வேண்டும் என்கிறது 47-ஆம் பிரிவு. நான் பார்த்த கூடத்தில் செல்போன் திருடிய பதின்மூன்று வயதுப் பையனும் அரிவாள் வழக்கில் வந்தவனும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தார்கள்.

சாதியையும் சொல்லியாக வேண்டும். நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு குழு, பள்ளிகளில் சாதியைக் காட்டும் கைக்கயிறுகள் கூடாது என்று 2024-இல் பரிந்துரைத்தது. இல்லத்தின் வாசலிலேயே கயிற்றை அறுத்துவிடுகிறார்கள், சரி. உள்ளே போனதும் “எந்த ஊர், எந்தத் தெரு?” என்று கேட்கிறான் லீடர். பாய் எங்கே என்பது அந்தப் பதிலில் முடிவாகிவிடுகிறது.

2022 கடைசியில் செங்கல்பட்டு இல்லத்துச் சிறுவன் ஒருவன் இறந்து, ஊழியர்கள் கைதானபோது மாநிலமே பேசியது. இல்லங்களைச் சீர்திருத்த அதே சந்துருவிடம் 2023-இல் அரசு அறிக்கையும் வாங்கியது. உயிர் போகாத அடி மட்டும் யார் கணக்கிலும் வருவதில்லை.

சிறுவர்களின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் மாதம் ஒருமுறையாவது இல்லத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் உட்பட மூன்று பேருக்குக் குறையாமல் வர வேண்டும். வருகிறவர்கள் பதிவேட்டில் கையெழுத்திட்டு, வரிசையில் நிற்கும் பையன்களிடம் “ஏதாவது குறை உண்டா?” என்று கேட்டால் என்ன பதில் வரும்? வரிசையை நிறுத்தி வைத்தவனே லீடர்தான். ஒவ்வொரு பையனையும் தனியே அழைத்துப் பேசட்டும். மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்க்கட்டும். இரவுப் பணிக்கு ஆட்களைப் போட்டுவிட்டு, லீடர் என்ற பதவியை அன்றைக்கே எடுத்துவிடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்