காடியை நிறுத்திவிட்டு இதைப் படி

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். பசியாறினாயா? காடிக்குள் இருந்தபடி இதைப் பிரித்திருந்தால் மூடி வை. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படி. போனிலேயே சொல்லக்கூடாதா என்பாய். நான் அனுப்பும் குரல் செய்தியை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக அக்கா மகள் சொன்னாள். அதனால்தான் கடுதாசி.

இங்கே எல்லாரும் சுகம். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. பின்பக்கக் கூரையை இன்னும் மாற்றவில்லை. மற்றது அப்புறம்.

வெள்ளிக்கிழமை இரவு கூப்பிட்டாய். ஒரு பக்கம் வழி சொல்லும் பெண் குரல், பின்சீட்டில் யாரோ பேச்சு, நடுவே ஆபீஸ் ஆளுக்கு வேறு "இதோ அனுப்புகிறேன்" என்கிறாய். மருமகள் கிள்ளானிலிருந்து வந்துவிட்டாளா என்று கேட்டேன். "சாப்பிட்டாச்சும்மா" என்றாய். நான் மறுபடி கேட்கவில்லை. வைத்துவிட்டேன்.

பகலெல்லாம் ஆபீஸ், சாயங்காலம் கிராப்பில் ஆள் ஏற்றி ஓட்டுவது, ராத்திரி யாருக்கோ கணக்கு எழுதுவது. ஆபீஸ் மீட்டிங்கில் முகத்தைக் காட்டிக்கொண்டே அந்தக் கணக்கையும் முடித்துவிடுவேன் என்று பொங்கலுக்கு வந்தபோது நீதான் சொன்னாய். "மல்டிடாஸ்கிங்மா, இப்போ எல்லாரும் அப்படித்தான்." நீ கெட்டிக்காரன் என்று எனக்குத் தெரியாதா? உன் எஸ்பிஎம் பரீட்சை ரிசல்ட்டை அப்பா லேமினேட் செய்து மாட்டியது இன்னும் சுவரில்தான் இருக்கிறது. ஆனால் அந்த மார்க்கை நீ எப்படி வாங்கினாய் என்று பார்த்தவள் நான். கூடத்தில் டிவி ஓடினால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சாமி அறைக்குப் போய்விடுவாய். கணக்கு முடியும்வரை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாய். யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை.

காடி ஓட்டும்போது பேசாதே. போனைக் கையில் பிடித்தால்தான் 300 வெள்ளி சம்மன், நான் காதில் மாட்டித்தான் பேசுகிறேன் என்று சொல்லாதே. அக்கா மகள் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் இதைத்தான் படிக்கிறாள். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் காடி ஓட்டுவது போன்ற கருவியில் ஆட்களை உட்காரவைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2006இல் வந்த அந்த ஆய்வில், கையில் பிடித்துப் பேசினாலும் காதில் மாட்டிப் பேசினாலும் ஓட்டுவது ஒரே மாதிரிதான் கெட்டதாம். பிரேக் அடிக்கத் தாமதமாகிறது. பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசினால் அவ்வளவு கேடில்லையாம். ஏன் தெரியுமா? அவருக்கும் ரோடு தெரியும். லோரி குறுக்கே வந்தால் அவர் வாயை மூடிக்கொள்வார். நான் பினாங்கில் உட்கார்ந்திருக்கிறேன் தம்பி. ஃபெடரல் ஹைவேயில் உனக்கு முன்னால் என்ன வருகிறது என்று தெரியாமல் நான் பாட்டுக்குக் கூரைக் கதை பேசிக்கொண்டிருப்பேன்.

உனக்குப் பழகிவிட்டது என்பாய். அதையும் அவளிடம் கேட்டேன். 2009இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு சோதனை செய்தார்களாம். டிவி, போன், கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்கு, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதாவது நன்றாக வரும் என்று எதிர்பார்த்தார்கள். மற்றவர்களைவிட அதிலும் அவர்கள் மோசமாகத்தான் செய்தார்கள். வேண்டாததை ஒதுக்கவும் அவர்களால் முடியவில்லை. யூட்டாவிலேயே இன்னொரு முறை 200 பேரைப் பார்த்ததில், ஓட்டிக்கொண்டே பேசியும் எதுவும் கெடாதவர்கள் 5 பேர்தான். அந்த ஐந்தில் நான் ஒருவன் என்று நீ சொல்வாய். 200 பேரும் அப்படித்தானே நினைத்திருப்பார்கள்?

நான் எல்லாவற்றையும் தப்பென்று சொல்லவில்லை. மின்னல் எஃப்எம் கேட்டுக்கொண்டே பூக் கட்டுகிறேன். உலையில் அரிசி வேகும்போது வெங்காயம் நறுக்குகிறேன். அதெல்லாம் கை அறிந்த வேலை, மனசு சும்மாதான் இருக்கும். ஆனால் பூக் கட்டும்போது அக்கா சீட்டுக் கணக்குக் கேட்டால் கை நின்றுவிடும். இரண்டுக்கும் யோசிக்க வேண்டுமென்றால் மனசு ஒன்றை விட்டுத்தான் மற்றதைப் பிடிக்கும். நீ மீட்டிங்கில் இருந்துகொண்டு கணக்கு எழுதுவது அப்படி விட்டு விட்டுப் பிடிப்பதுதான். திரும்ப வரும்போதெல்லாம் எங்கே விட்டோம் என்று தேட வேண்டியிருக்கும். நேரம் மிச்சமாகும் என்று நினைக்கிறாய், அந்தத் தேடலிலேயே அது போய்விடும்.

பாயான் லெப்பாஸில் நான் 1981இல் வேலைக்குச் சேர்ந்தபோது பாண்டிங் பிரிவில் போட்டார்கள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இணைக்க வேண்டும். முனை தப்பினால் அந்தத் துண்டு ரிஜெக்ட். எங்கள் சூப்பர்வைசர் மலாய்க்கார அக்கா, ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பார், நாங்கள் கண்ணை எடுக்கும்வரை வாய் திறக்க மாட்டார். அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் லைனில்தான் ரிஜெக்ட் குறைவு. அந்தச் சம்பளத்தில்தான் நீங்கள் இரண்டு பேரும் படித்தீர்கள். அதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

அப்புறம் உன் பழைய வாதம், செய்குத்தம்பிப் பாவலர். பள்ளி மேடையில் அவரைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கியவன் நீ. 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அவர் சதாவதானம் செய்தார், நூறு காரியத்தில் ஒரே நேரத்தில் கவனம் வைத்தார் என்று முழங்கினாய். நன்றாகத்தான் பேசினாய். ஆனால் அவதானத்தில் கேட்கிறவர்கள் ஒவ்வொருவராகத்தானே கேட்கிறார்கள்? முதுகில் விழும் கல்லையும் மணி ஓசையையும் எண்ணி நினைவில் வைக்க எத்தனை காலம் பழகியிருப்பார்? அந்த நேரத்தில் சபை முழுவதும் அவருக்காகக் காத்திருந்தது. அவர் பின்னால் லோரி வரவில்லை, அவர் தூங்காமலும் வந்து உட்காரவில்லை. நீ எத்தனை மணிக்குத் தூங்குகிறாய்? போனில் பச்சைப் புள்ளியைப் பார்க்கிறேன், விடிய மூன்று மணிக்கும் இருக்கிறது.

காடி ஓட்டும்போது பேசாதே.

சரி, சொல்லிவிடுகிறேன். போன மாதம் நீ எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பி உடனே அழித்தாய். "இந்த மாசம் 1,800தான் முடியும் அண்ணே, மிச்சத்தை அடுத்த மாசம் தந்துடறேன்." அழிப்பதற்குள் படித்துவிட்டேன். என்னிடம் கூரையைப் பற்றிப் பேசிக்கொண்டே இன்னொருவருக்கும் எழுதியிருக்கிறாய், ஆள் மாறிவிட்டது. அன்றிலிருந்து உன் வாயால் வரட்டும் என்று இருந்தேன். நீயும் எப்போதும் கை நிறைய வேலையோடுதான் கூப்பிடுகிறாய். அம்மா எதையும் கேட்டுவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்கிறாயோ என்று ராத்திரியில் தோன்றுகிறது.

இந்தக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்தை யாருக்காகப் போட்டாய் என்று எனக்குத் தெரியும். அவன் நம் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த பையன், நீ மறுத்திருக்க மாட்டாய், அப்பாவும் மறுத்திருக்க மாட்டார். திட்டுவதற்காக எழுதவில்லை. ஆனால் மூன்று வேலையைச் சேர்த்துச் செய்து, தூக்கத்தை விட்டு, மருமகளையும் கிள்ளானில் விட்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் கட்டி முடித்துவிடலாம் என்று பார்க்கிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு கடனை மறைக்க எத்தனை வேலை தம்பி!

வருகிற சனிக்கிழமை வா. காடி வேண்டாம். கேஎல் சென்ட்ரலில் ஈடிஎஸ் ரயில் ஏறினால் பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரி பிடித்துவிடலாம், மாமா ஜெட்டிக்கு வருவார். ரயிலில் கணக்கு எழுதாதே, தூங்கிக்கொண்டு வா. ஜாமீன் போட்ட கடுதாசி, பேங்க் கடிதம், அந்த அண்ணனுக்கு இதுவரை கொடுத்ததற்கு ஏதாவது எழுத்து இருந்தால் அது, எல்லாவற்றையும் எடுத்து வா. என் இபிஎஃப் சேமநிதிக் கணக்குக் கடுதாசியை எடுத்து வைத்திருக்கிறேன். போனை அடுப்படியில் வைத்துவிட்டு உட்கார்ந்து இதை மட்டும் பார்ப்போம். மருமகளிடம் நான் பேசட்டுமா, நீயே பேசுகிறாயா என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடு.

அம்மா