யூராலஜி டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்: கட்டிய அளந்தாச்சு, வெயினப் பாத்தீங்களா?

வணக்கம் டாக்டர். நான் ஆபரேஷன் தியேட்டர்ல அனஸ்தீசியா டெக்னீசியன். பேஷண்டோட தலைமாட்டுல மானிட்டர் பக்கம் நிக்கிற ஆளு, அங்கேருந்துதான் இத எழுதுறேன்.

விஷயம் ஆஞ்சியோமயோலிப்போமா, அதாங்க நாம ஏஎம்எல்னு சொல்ற கிட்னி கட்டி. ரத்தக்குழாய், தசை, கொழுப்பு மூணும் கலந்தது, பெரும்பாலும் கேன்சர் இல்ல. 4 சென்டிமீட்டர தாண்டிட்டா வெடிச்சு ரத்தம் கொட்டிடுமோன்னு பயந்து பிளட் ரெடி பண்ணி வெச்சுக்கறோம், சரியான பயம்தான். ஆனா அபூர்வமா சிலருக்கு அந்த கொழுப்பு ரீனல் வெயினுக்குள்ள, அதாவது கிட்னிலேருந்து ரத்தத்த வெளிய கொண்டுபோற குழாய்க்குள்ள பூந்து, ஐவிசி (இதயத்துக்கு ரத்தம் திரும்பிப்போற பெரிய வெயின்) வரைக்கும், சமயத்துல இதயத்தோட வலது மேலறை வரைக்கும் கூட நீண்டுருக்கும். கேன்சர் கட்டின்னா வெயின துருவித் துருவிப் பாக்குறோம், இதுல கேன்சர் இல்லைங்கற நிம்மதியிலயே அந்தக் கேள்வி விட்டுப்போகுது.

பாக்குறதும் கஷ்டமில்ல. சிடி ஸ்கேன்ல தண்ணிய ஜீரோன்னு வெச்சா கொழுப்பு மைனஸ் அளவுல கருப்பா விழும், அதே கருப்பு வெயினுக்குள்ளயும் இருக்கான்னு படத்த ஓட்டிப் பாத்தா போதும். கட்டி எவ்ளோ பெருசுன்னு எழுதிட்டு வெயின் பத்தி ஒரு வரி கூட இல்லாம ரிப்போர்ட் வந்தா, தயவுசெஞ்சு ரேடியாலஜிஸ்ட்ட கூப்பிட்டு கேட்டுடுங்க.

உள்ள இருக்குன்னு தெரிஞ்சா மொத்த வேலையும் மாறுது இல்லையா. கிட்னிய அசைக்கிறதுக்கு முன்னாடியே கொழுப்போட நுனிக்கு மேல ஐவிசிய பிடிச்சு கண்ட்ரோல்ல வெச்சுக்கணும், அதுவரைக்கும் கட்டிய அழுத்தவோ பொரட்டவோ கூடாது, ஏன்னா அந்த கொழுப்பு கொழகொழன்னு இருக்கும், ஒரு துண்டு பிஞ்சா நேரா நுரையீரலுக்குத்தான் போகும். நுனி எங்க நிக்குதுன்னு உணவுக்குழாய் வழியா வெக்கிற எக்கோ அப்பப்ப காட்டிட்டே இருக்கும். மேலறை வரைக்கும் போயிருந்தா ஹார்ட் சர்ஜனும், இதயம் நுரையீரல் வேலைய வெளியேருந்து பாத்துக்கற பைபாஸ் மெஷினும் வேணும். முன்கூட்டியே ஐவிசி ஃபில்டர், அதாவது துண்டு மேல போகாம பிடிக்கிற வலை, வெக்கலாமா வேணாமான்னு உங்களுக்குள்ளயே ரெண்டு கருத்து இருக்கு, அது உங்க முடிவு.

துண்டு போயிடுச்சுன்னா எங்க பக்கம் முதல்ல தெரியறது எண்ட் டைடல் கார்பன் டைஆக்சைடுதான், அதாவது மூச்சு வெளிய வர்றப்ப கடைசில இருக்கற கார்பன் டைஆக்சைடு அளவு. 35 பக்கம் ஒரே சீரா வந்துட்டிருந்த அலை சட்டுனு குட்டையாகிடும், ரத்தத்துல ஆக்சிஜன் சாச்சுரேஷனும் பிரஷரும் கூடவே விழும். அந்த நேரத்துல நீங்க உள்ள என்ன பண்ணிட்டிருக்கீங்கன்னு மயக்க டாக்டருக்கு தெரிஞ்சிருக்கணும், அதனால கிட்னிய தூக்கும்போதும் ரத்தக்குழாய அடைக்க கிளாம்ப் போடும்போதும் எடுக்கும்போதும் வாய்விட்டு சொல்லுங்க.

எக்கோ புரோபும் அதப் பாத்து சொல்றதுக்கு ஆளும் காலைல 8 மணிக்கு தேடினா கிடைக்காது. அதனால முந்தின நாள் தியேட்டர் லிஸ்ட்ல வெறும் ஏஎம்எல்னு போடாம, பக்கத்துலயே வெயின் சுத்தமா இருக்கா, இல்லேன்னா கொழுப்பு எதுவரைக்கும் போயிருக்குன்னும் எழுதி அனுப்புங்க.