டோன் கன்ட்ரோல் உள்ள வால்வு ப்ரீஆம்ப் வாங்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். டோன் கன்ட்ரோலுடன் (பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலியையும் ட்ரெபிள் எனப்படும் உயர்ந்த ஒலியையும் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) கூடிய வால்வு ப்ரீஆம்ப் (சிடி பிளேயர் போன்றவற்றின் சிக்னலை வாங்கிப் பவர் ஆம்புக்கு அனுப்பும் வால்வுக் கருவி) கேட்டு எழுதுபவர்களில் பெரும்பாலோர், உள்ளே இருப்பது என்ன வால்வு, எந்தக் கம்பெனியுடையது என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். எங்களைக் கேட்டால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. வால்வைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் உங்களிடம் ஏற்கெனவே உள்ள, ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்போடு ப்ரீஆம்ப் பொருந்தாவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த வால்வைச் செருகினாலும் பயனில்லை.

பவர் ஆம்பின் கையேட்டில் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்கு ஆம்ப் காட்டும் மின்தடை) என்று ஓர் எண் இருக்கும். வால்வு ஆம்புகளில் அது 100 கிலோ ஓம் அளவில் இருப்பது வழக்கம். டிரான்சிஸ்டர் ஆம்புகள் சிலவற்றில் 10 கிலோ ஓம் வரை இறங்கிவிடும். வால்வு ப்ரீஆம்பின் அவுட்புட்டில், உயர் வோல்டேஜ் வெளியே வராமல் தடுத்து ஒலி சிக்னலை மட்டும் கடத்துவதற்கு ஒரு கெபாசிட்டர் வைத்திருப்பார்கள். அது 0.22 மைக்ரோ ஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ ஓம் ஆம்போடு இணைத்தால் ஏறத்தாழ 7 ஹெர்ட்ஸில்தான் ஒலி 3 டெசிபல் குறையும். அதே ப்ரீஆம்பை 10 கிலோ ஓம் ஆம்பில் மாட்டினால் 70 ஹெர்ட்ஸ் அருகிலேயே அந்தக் குறைவு வந்துவிடும். பாஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பது. அது மெலிந்து கேட்பதைப் பார்த்து, ஸ்பீக்கர் சரியில்லை என்று எண்ணி, பாஸ் குமிழை முழுவதும் திருப்பி வைப்பவர்கள் உண்டு. ப்ரீஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸைப் போல் குறைந்தது பத்து மடங்காவது பவர் ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ் இருக்க வேண்டும் என்பது பொது விதி. இதற்கு கேதோடு ஃபாலோவர் (அவுட்புட் இம்பீடன்ஸைக் குறைக்கும் வால்வு அமைப்பு) அவுட்புட் உள்ள மாடல்கள் வசதியானவை. அப்போதும் அந்தக் கெபாசிட்டரின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது கெயின், அதாவது சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது. சிடி பிளேயரின் முழு அவுட்புட் 2 வோல்ட் அளவில் இருக்கும்; பல பவர் ஆம்புகளுக்கு முழுத் திறனை எட்ட அதைவிடக் குறைவே போதும். தேவைக்கு மேல் கெயின் இருந்தால் வால்யூம் குமிழைச் சற்றே திருப்பியதும் சத்தம் அதிகமாகிவிடும். இடது, வலது பக்கங்களின் சமநிலை மோசமாக இருப்பதும் குமிழின் அந்தத் தொடக்கப் பகுதியில்தான். அதற்காக, பெருக்கக் காரணி 100 கொண்ட 12ஏஎக்ஸ்7 வால்வு என்றாலே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தானாகப் பெருக்காத பாசிவ் டோன் சர்க்யூட் சிக்னலில் ஏறத்தாழ 20 டெசிபலை விழுங்கிவிடும் என்பதால், அதை ஈடுகட்ட அங்கே அந்த வால்வுக்கு வேலை இருக்கிறது. ஆங்கிலேயப் பொறியாளர் பீட்டர் பேக்சாண்டல் 1952-இல் வெளியிட்ட, நெகட்டிவ் ஃபீட்பேக்கை (அவுட்புட்டின் ஒரு பகுதியை எதிர்மாறாக இன்புட்டுக்கே திருப்பி அனுப்பும் முறை) அடிப்படையாகக் கொண்ட டோன் சர்க்யூட்டில் இந்த இழப்புச் சிக்கல் இல்லை; குமிழ்கள் நடுவில் நிற்கும்போது ஒலி ஏற்றத்தாழ்வின்றிச் செல்லும். எங்கள் விருப்பம் அதுதான்.

டோன் கன்ட்ரோலே தூய ஒலிக்கு எதிரி என்று சொல்பவர்களும் உண்டு. அதை நாங்கள் ஏற்பதில்லை. சத்தம் குறையக் குறைய நம் காதுக்கு பாஸ் மற்ற ஒலிகளைவிட விரைவாக மங்கிப்போகிறது என்பதை ஆய்வாளர்களான ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். இரவில் தணிந்த சத்தத்தில் கேட்பவருக்கு பாஸைக் கொஞ்சம் ஏற்றிவைப்பதே நியாயம். ஆனால் உரத்த சத்தத்தில் 10 டெசிபல் ஏற்றுவதென்றால், அந்தப் பகுதியில் ஆம்ப் பத்து மடங்கு பவர் கொடுக்க வேண்டியிருக்கும். சிறிய ஸ்பீக்கர்கள் அதைத் தாங்குவதில்லை.

டோன் பகுதியைத் தவிர்த்துச் செல்லும் பைபாஸ் சுவிட்சு இருப்பது நல்லது. அதைப் போட்டதும் சத்தத்தின் அளவு மாறுகிறதா என்று கவனியுங்கள். மாறினால் ஒப்பிட்டுப் பார்த்ததில் பொருளில்லை, ஏனெனில் சற்றே உரக்கக் கேட்பதுதான் எப்போதும் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

ப்ரீஆம்ப் கைக்கு வந்ததும், வால்யூமைக் குறைவாக வைத்து, பெட்டியின் மேல்புறத்தைப் பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் மணிபோல ஓசை நீண்டு கேட்டால் வால்வை மாற்ற வேண்டும், எங்களுக்கு எழுதுங்கள். பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம். உள்ளே 200 முதல் 300 வோல்ட் வரை இருக்கக்கூடும். சுவிட்சை அணைத்த பிறகும் அது கெபாசிட்டர்களில் சிறிது நேரம் தங்கியிருக்கும். போடும்போது ப்ரீஆம்பை முதலில் போட்டு, வால்வு சூடேறிய பிறகு பவர் ஆம்பைப் போடுங்கள். அணைக்கும்போது பவர் ஆம்பை முதலில் அணையுங்கள்.

ஆர்டர் செய்யும்போது உங்கள் பவர் ஆம்பின் மாடல் எண்ணையும் குறிப்பிட்டால், பொருத்தத்தைச் சரிபார்த்த பிறகே அனுப்புவோம்.

அன்புடன்,
விற்பனைப் பிரிவு