மாமா கை வைத்த ஸ்பீக்கர்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். லண்டனில் ஆபி ரோடு என்ற பாட்டுப் பதிவு ஸ்டுடியோ வாசலில் நின்று நீ அனுப்பிய படம் வந்தது. மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஆனால் படத்தோடு நீ எழுதியிருந்ததைத்தான் என்னால் அப்படியே விட முடியவில்லை. இரண்டும் இங்கிலாந்து ராக் இசைக்குழுக்கள்தான், அதில் பிங்க் ஃப்ளாய்டு யோசித்து வாசித்தவர்கள், லெட் செப்பலின் வெறும் சத்தமா? ஃபோனில் பேசினால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்தச் சண்டை நம் வீட்டுக்குப் புதிதில்லை. 1981-ல் மாமா கப்பலிலிருந்து லீவில் தூத்துக்குடிக்கு வந்தபோது இரண்டு இசைத்தட்டுகள் கொண்டுவந்தார். ஒன்று செப்பலினின் நான்காவது ஆல்பம். மற்றது ஃப்ளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்'. ஒரே மாதத்தில் மாமா ஃப்ளாய்டு கட்சி ஆகிவிட்டார், நான் செப்பலின் கட்சி.

உன் கட்சியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்த ஃப்ளாய்டு தட்டு 1973 மார்ச்சில் வந்தது, நீ நின்ற அதே கட்டடத்தில் பதிவானது. அதில் 'மனி' பாட்டை எடுத்துக்கொள். காசு விழுகிற சத்தம், காகிதம் கிழிகிற சத்தம், கல்லாப்பெட்டி திறக்கிற சத்தம் எல்லாவற்றையும் டேப்பில் பிடித்து, அளந்து வெட்டி ஒட்டி, வளையமாகச் சுற்றவிட்டார்கள். ஏழு எண்ணிக்கை. மிருதங்கம் படித்த பிள்ளை நீ, மிஸ்ரம் என்று உடனே கை போட்டிருப்பாய். சாக்ஸபோன் அந்த ஏழிலேயே ஓடுகிறது. கிட்டார் தனியாக வரும்போது மட்டும் தாளம் நாலுக்கு இறங்கும். அந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு லேசாகும். யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள், மறுக்கவில்லை.

அப்புறம் 'காஷ்மீர்' கேள். 1975-ல் வந்த செப்பலின் பாட்டு. கிட்டாரும் வயலின்களும் மூன்று மூன்றாகப் போகும். ஜான் பான்ஹமின் டிரம்ஸ் நாலு நாலாகப் போகும். பன்னிரண்டு முடிந்தால்தான் இரண்டும் ஒன்றாக வந்து விழும். தொடையில் ஒரு கையால் மூன்றும் மறு கையால் நாலும் போட்டுப் பார், எத்தனை சுற்று தாக்குப்பிடிக்கிறாய் என்று தெரியும். இது யோசிக்காமல் வருமா? (செப்பலின் பாடகர் ராபர்ட் ப்ளான்ட் அதற்கு வரிகள் எழுதியது தெற்கு மொராக்கோவின் பாலைவனச் சாலையில் போனபோது. காஷ்மீரை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. ஆனால் அவரும் கிட்டார் வாசிக்கும் ஜிம்மி பேஜும் 1972-ல் பம்பாய்க்கு வந்து, நம் நாட்டுக் கலைஞர்களை வைத்து இரண்டு பாட்டுகளைப் பதிந்து பார்த்திருக்கிறார்கள்.)

மாமா கொண்டுவந்த செப்பலின் தட்டில் கடைசிப் பாட்டு 'வென் த லெவி பிரேக்ஸ்', அதாவது கரை உடையும்போது. 1927-ல் மிசிசிப்பி ஆறு கரை உடைத்துக்கொண்டு ஊர்களுக்குள் புகுந்ததைப் பற்றி அமெரிக்கப் பாடகி மெம்ஃபிஸ் மின்னியும் அவர் கணவர் ஜோ மெக்காயும் 1929-ல் பதிந்த பாட்டு அது. செப்பலின்காரர்கள் அதை எடுத்து இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில் வாசித்தார்கள். ஒரு காலத்தில் ஏழைகளை வைத்திருந்த விடுதி அது. மாடிப்படிக்குக் கீழே கூடத்தில் டிரம்ஸைப் போட்டுவிட்டு, மேலே இருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டார்கள். பான்ஹம் அடிக்கும்போது வீடே சேர்ந்து அடிக்கிறது. வெள்ளம் வருகிறது என்று ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை. பிறகு வந்த ராப் பாடகர்கள் எத்தனை பேர் அந்த அடியை வெட்டி எடுத்துத் தங்கள் பாட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள்!

ஒன்றை மறைக்க மாட்டேன். என் கட்சிக்காரர்கள் ப்ளூஸ் என்ற பாட்டு வகையைப் பாடிய அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களிடமிருந்து எடுத்ததற்கெல்லாம் பெயர் போடவில்லை. 'ஹோல் லாட்டா லவ்' பாட்டுக்காக ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் 1985-ல் வழக்குப் போட்ட பிறகுதான் பணமும் பெயரும் கொடுத்தார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் உன் ஆட்களும் லேசுப்பட்டவர்களில்லை. 'த கிரேட் கிக் இன் த ஸ்கை'யில் ஒரு சொல் கூட இல்லாமல் அழுதும் கதறியும் பாடுகிறாரே க்ளேர் டோரி, அவருக்கு அன்றைக்குக் கொடுத்தது 30 பவுண்டு. அவரும் 2004-ல் வழக்குப் போட்டார். மறு வருஷம் சமரசமாகி, பாட்டை இயற்றியவர்களில் ஒருவராக அவர் பெயரும் சேர்ந்தது. அந்தக் குரலை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டில் என்ன மிஞ்சும், சொல்.

இரண்டு குழுவுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் எனக்கு வேறு இடத்தில் தெரிகிறது. 1980 செப்டம்பரில் பான்ஹம் குடியால் செத்துப்போனார். வயது 32. டிசம்பரில் மற்ற மூவரும் அவரில்லாமல் தொடர முடியாது என்று அறிவித்துக் கடையைக் கட்டிவிட்டார்கள். 2007-ல் லண்டனில் ஒரே ஒரு ராத்திரி சேர்ந்தபோது டிரம்ஸில் உட்கார்ந்தது பான்ஹமின் மகன் ஜேசன். ஃப்ளாய்டின் கதை நேர் எதிர். குழுவுக்கு உயிராக இருந்த சிட் பாரெட் மனம் கலங்கிப்போய் 1968-ல் விலகினார். அவர்கள் நிறுத்தவில்லை. 1975 ஜூனில் அவரை நினைத்துப் போட்ட பாட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது, தலையும் புருவமும் மழித்த பருத்த மனிதர் ஒருவர் ஸ்டுடியோவுக்குள் வந்து நின்றார். சிட்தான். கூடவே இருந்தவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. பிரிந்துபோன ஒருவரை வைத்து அத்தனை பெரிய இசையைக் கட்டியதற்காக நான் ஃப்ளாய்டை மதிக்கிறேன். ஆனால் என் மனசு நிறுத்திக்கொண்டவர்களிடம்தான் இருக்கிறது, தம்பி.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருஷம் எஞ்சின் ரூமில் கிடந்த காது இப்போது அநேகமாகப் போய்விட்டது. மெல்லிய சத்தம் எதுவும் எட்டுவதில்லை. ஃப்ளாய்டு போட்டால் எழுந்து போய்விடுவார். போன ஞாயிற்றுக்கிழமை நான் 'லெவி' போட்டேன். வந்தவர் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றார். பாட்டு முடிகிறவரை விரல்கள் அசைந்துகொண்டே இருந்தன. அப்புறம் என்னை ஒதுக்கிவிட்டுத் தன் தட்டைத் தானே எடுத்து வைத்தார். 'டார்க் சைட்' இதயத் துடிப்பில் ஆரம்பிக்கும் இல்லையா? அதைப் பெரிய டிரம்மில்தான் அடித்திருக்கிறார்கள். கையை வைத்தபடியே என்னைப் பார்த்து, "கேக்குது" என்றார்.

துடிப்பு நின்று பாட்டு வந்த பிறகும் கையை எடுக்கவில்லை. ஒரு பக்கம் முடிந்ததும், "திருப்பிப் போடு, கடைசியில மறுபடி வரும்" என்றார். 20 நிமிஷத்துக்கு மேல் நின்றுகொண்டே காத்திருந்தார்.

டிசம்பரில் நீ வருவதற்குள் உன் மிருதங்கத்தை மூட்டடிக்கக் கொடுத்திருக்கிறேன். தொப்பிப் பக்கம், அந்தக் கனத்த சத்தம் வரும் இடது பக்கம், நன்றாக அதிர வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். வந்ததும் மாமா பக்கத்தில் உட்கார்ந்து வாசி.

அன்புடன்,
அம்மா