தம்பியின் கொப்பிகள்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் நலம். அப்பாவின் பிரஷர் பழையபடிதான். மாரி பிந்தித் தொடங்கினாலும் கிணறு நிறைந்துவிட்டது.

வீடு மாறும்போது பேரன் தம்பியின் பள்ளிக்கூடக் கொப்பிகளைக் கடதாசிக் குப்பை போடும் நீலத் தொட்டிக்குள் போட்டுவிட்டதாக அன்று சொன்னாய். புது வீட்டில் இடம் போதாதாம். மருமகனின் சாமான்களும் சேர்ந்தால் நெருக்கமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பிள்ளையின் கையெழுத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

கணக்குக் கொப்பிகள் போகட்டும். சொந்தமாக எழுதிய கட்டுரை, கதை, பிழையோடு எழுதிய கடிதம், இவற்றையாவது வைத்திரு. எதை வைப்பது என்பதை நீ தீர்மானிக்காதே, அவனிடமே கேள். தவணை முடிய ஒரு பெட்டியைக் கொடுத்து, பிடித்ததைப் போடச் சொல். அவன் எடுப்பது அதிகப் புள்ளி வாங்கியதாக இருக்காது. அதற்காக முகத்தைச் சுளிக்காதே. மூலையில் திகதியும் வகுப்பும் எழுதச் சொல். பென்சில் எழுத்து மங்காது, கலர்ப் பேனை மங்கிவிடும். கம்பிப் பின்களைக் கழற்றிவிடு, கறள் பிடித்துக் கடதாசியைத் தின்னும். பேஸ்மென்டில் மட்டும் வைக்காதே, ஈரம். இங்கே எனக்குக் கறையானோடு போராட்டம், அங்கே உனக்கு அதுவாவது இல்லை.

போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன் என்பாய். எடு, நல்லது. போன் மாறும்போது அந்தப் படங்கள் எங்கே போகின்றன என்றும் பார்.

உன் ஐந்தாம் வகுப்புக் கட்டுரைக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கி வலிகாமமே ஊரை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது, அப்பாவின் சைக்கிள் கரியரில் கட்டிய பைக்குள் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் அந்தக் கொப்பியும்தான் இருந்தன. நாவற்குழிப் பாலத்தடியில் மழைக்குள் நெரிசலில் நின்றபோது அரிசிப் பையைக்கூடத் தவறவிட்டோம், அதை விடவில்லை. ‘நான் ஒரு சைக்கிள்’ என்ற கட்டுரையில் “என் எசமான் மூன்று பேரை ஏற்றுகிறார், எனக்கு முதுகு வலிக்கிறது” என்று எழுதியிருக்கிறாய். ரீச்சர் சிவப்பு மையால் ‘சைக்கிளுக்கு முதுகு இல்லை’ என்று வெட்டியிருக்கிறார். அதற்குக் கீழே பென்சிலால், மிகச் சின்னதாக, ‘இருக்கிறது’ என்று நீ எழுதியிருக்கிறாய்! அந்தப் பிடிவாதக்காரிதான் இப்போது எதைக் கேட்டாலும் “ஒன்றுமில்லை அம்மா” என்கிறாள்.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு 97,000 வரையான நூல்களையும் ஏடுகளையும் எரியக் கொடுத்த ஊர் இது. அச்சில் வந்தவற்றை எங்கேயாவது தேடிப் பிடிக்கலாம். ‘நூலகம்’ என்ற மின்னூலக நிறுவனத்தார் 2005 முதல் பழைய பாடசாலை மலர்களைக்கூட இணையத்தில் ஏற்றி வருகிறார்கள். உன் பிள்ளை எழுதியதற்கு உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான். அதையும் தொட்டிக்குள் போட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

கோபிக்காதே. வேலையும் வீடும் பிள்ளையும் என்று நீ ஒருத்தியாக ஓடுவது தெரிகிறது. பனிக்குள் பெட்டி தூக்கும்போது யாராவது கூட நின்றார்களா? தம்பியின் படிப்பை நீ பார்க்கும் விதத்தைப் பக்கத்து வீட்டாரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கொப்பிகளை எறிந்த கதையைச் சொல்லவில்லை.

சைக்கிள் கொப்பியைத் தபாலில் அனுப்பமாட்டேன், கேட்காதே. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வந்து நீயே எடுத்துக்கொள். மருமகனுக்கு லீவு கிடைக்காவிட்டால் நீங்கள் இருவருமாக வாருங்கள். இருபத்தைந்து நாளும் நிற்கலாம், அதற்குப் பிறகும் நிற்கலாம். தம்பிக்கு இங்கேயும் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. டிக்கெட் காசை யோசிக்காதே, அப்பாவின் பென்ஷன் வங்கியில் சும்மாதான் கிடக்கிறது.

அன்புடன்,
அம்மா